ஊழியம் யார் பொறுப்பு?

ஊழியம் என்றதும் போதகரும் சுவிசேஷகரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். விசுவாசியின் பங்கு ஜெபத்தோடும் காணிக்கையோடும் முடிந்துபோகிறது. ஆதித் திருச்சபை இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. ஸ்தேவான் கல்லெறியுண்டு மரித்தபின் எருசலேமில் பெரும் துன்பம் எழுந்தபோது அப்போஸ்தலர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். சிதறிப்போனவர்கள் சாதாரண விசுவாசிகள். அவர்களில் சீப்புரு தீவையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோகியாவுக்குப் போய்க் கிரேக்கரிடமும் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள். ஒரு சபை பிறந்தது. கிறிஸ்தவர் என்ற பெயரே அந்த ஊரில்தான் முதலில் வழங்கியது. பர்னபாவும் பவுலும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். தொடங்கியவர்கள் யார் யார் என்று நடபடிகள் நூல் சொல்லவே இல்லை.

விசுவாசிகள் எழுதியதை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைக் கடுமையாகச் சாடிய செல்சுஸ், கம்பளி நெய்வோரும் செருப்புத் தைப்போரும் துணி வெளுப்போரும் வீடுகளுக்குள் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இந்தச் சமயத்தைப் பரப்புகிறார்கள் என்று குறைபட்டார். அவர் வசையாகச் சொன்னது இன்று நமக்குச் சான்றாக நிற்கிறது. சொல்லோடு உதவியும் அவர்கள் ஊழியமாக இருந்தது. நான்காம் நூற்றாண்டில் பழைய தெய்வ வழிபாட்டுக்கு உயிர்கொடுக்க முயன்ற ரோமப் பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்களே என்று தம் பூசாரி ஒருவருக்கு எழுதினார்.

படிப்பில்லாதவர்கள் உபதேசம் செய்தால் பிழை புகுந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். ஆனால் அப்பொல்லோவை நினைத்துப் பாருங்கள். அலெக்சந்திரியாவில் பிறந்தவர், வேதத்தில் தேர்ந்தவர், நாவன்மை மிக்கவர். எபேசுவின் ஜெப ஆலயத்தில் அவர் பேசியதில் ஒரு குறை இருந்ததைக் கண்டுபிடித்தது, கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். சபை நடுவே எழுந்து மறுத்துப் பேசவில்லை; தங்களோடு அழைத்துக்கொண்டு போய் விளக்கினார்கள். திருத்தம் தொழிலாளிகளிடமிருந்து அறிஞருக்குப் போனது! உதவி என்பது மதமாற்றத்துக்கு வீசும் தூண்டில் என்ற இன்னொரு குற்றச்சாட்டு இந்தப் பயத்தைவிடக் கனமானது. அப்படி நடக்கும் இடத்தில் அது பாவம் என்று தயங்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ஜூலியனின் புலம்பலை இன்னொரு முறை கவனியுங்கள். கிறிஸ்தவர்கள் பராமரித்த அந்த ஏழைகளை அவர் இன்னும் நம்மவர் என்றே சொல்கிறார். கிறிஸ்தவராகாதவருக்கும் சோறு கிடைத்தது. நிபந்தனை வைத்துக் கொடுப்பது வியாபாரம். அதை ஆசீர்வாதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நம் ஊரிலிருந்து புறப்பட்ட சான்றும் உண்டு. 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி விசுவாசிகள் தங்கள் பணத்தாலும் தங்கள் ஆட்களாலும் நடத்துவதென்று இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற வி. எஸ். அசரியா, 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான, எழுத்தறியாத கூலி விவசாயிகள். அவர்கள் தங்கள் தலைமேல் கையை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று அறிக்கையிடும்படி அவர் செய்தார். வயலில் களை பறிப்பவரும் மாடு மேய்ப்பவரும் அன்றைக்கே சாட்சிகள். அவர்கள் வாழ்க்கை மாறியதைக் கண்ணால் கண்ட நிலவுடைமைச் சாதியாரிலும் பலர் பின்னர் அந்தச் சபைகளைத் தேடி வந்தார்கள். வாயால் சொல்லத் தேவையில்லை, நல்லபடி வாழ்ந்தால் போதும் என்பாருக்கும் இதில் பதில் இருக்கிறது. அந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று அண்டை வீட்டார் கேட்டால், சொல்ல வேண்டியவர் அந்தக் கூலியாள்தானே.

போதகர் கால்வைக்க முடியாத பட்டறையிலும் கடையிலும் மருத்துவமனை வார்டிலும் விசுவாசி தினமும் இருக்கிறார். திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் சபைகள், பக்கத்தில் வேலை செய்பவரிடம் கிறிஸ்துவைப் பற்றி எப்படிப் பணிவாகப் பேசுவது, திரும்ப எதையும் எதிர்பாராமல் எப்படி உதவுவது என்பதையும் அதே வகுப்பில் கற்றுக்கொடுக்கட்டும்.