தேடிச் சென்ற இடரும் தேடி வந்த கரமும்

ஒருவர் தம் விருப்பத்தின்பேரில் இடர் நிறைந்த ஓரிடத்திற்குச் செல்கிறார். எவரும் அவரை அனுப்பவில்லை. பிழைப்பின் பொருட்டும் அவர் செல்லவில்லை. மலையுச்சியைத் தொடவேண்டும், காட்டின் தனிமையைத் துய்க்கவேண்டும் என்னும் வேட்கையே அவரை அழைத்துச் செல்கிறது. அங்கே அவருக்கு ஆபத்து நேருகிறது. அவரை மீட்பதற்காக, அந்த வேட்கையில் எப்பங்கும் இல்லாத மற்றொருவர் தம் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா? வேண்டுமெனில், எந்த எல்லை வரை? மலைகளையும் வனங்களையும் ஓய்வுநாள் இன்பத்திற்காக நாடுவோர் பெருகிவரும் இந்நாளில், நாம் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

இக்கேள்வியைத் தம் அன்றாடப் பணியிலேயே எதிர்கொள்வோர் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலர்களே அவர்கள். 1872ஆம் ஆண்டில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1916ஆம் ஆண்டில் இத்தகைய பூங்காக்களைப் பேணுவதற்கென்றே தேசியப் பூங்காத் துறை அமைக்கப்பட்டது. வனத்தையும் விலங்கையும் காப்பது இக்காவலர்களின் கடமை. அவற்றிடையே வந்து செல்லும் மனிதரைக் காப்பதும் அக்கடமையின் ஒரு பகுதியே. வழி தவறியவரைத் தேடுதல், பனிப்பிளவில் வீழ்ந்தவரைக் கயிறிட்டு மேலேற்றுதல், வெப்பத்தில் மயங்கியவருக்கு முதலுதவி அளித்தல், ஆற்றுச் சுழலில் சிக்கியவரைக் கரைசேர்த்தல் என அவர்களின் பணி விரிகிறது.

வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ரெய்னியர் மலை 14,410 அடி உயரமுடையது. ஆண்டு முழுதும் பனியாறுகளைப் போர்த்திக்கொண்டு நிற்பது. 2012ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், சிகரத்தை எட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த நால்வர் எம்மன்ஸ் பனியாற்றில் வழுக்கி விழுந்தனர். அவர்களுள் இருவர் பனிப்பிளவுக்குள் சென்றுவிட்டனர். ஏறத்தாழ 13,700 அடி உயரத்தில், அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றுவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த நிக் ஹால் என்னும் 33 வயதுக் காவலர் கால் வழுவி, 2,000 அடிக்கும் மேற்பட்ட சரிவில் வீழ்ந்து உயிர்நீத்தார். நால்வரும் பிழைத்தனர், அவர்களுக்காகச் சென்ற ஐந்தாமவர் உயிருடன் திரும்பவில்லை. அதே மலையில் 1995ஆம் ஆண்டிலும், காயமுற்ற ஒருவரை மீட்கச் சென்ற இரு இளைஞர் மாண்டனர்.

இதைக் கேட்கும்போது நம்மில் பலருக்குச் சினம் எழுவது இயல்பே. 'விளையாடப் போனவர்கள் அதன் விளைவையும் தாமே ஏற்கட்டும். பிறர் ஏன் சாகவேண்டும்?' என்று கேட்கத் தோன்றுகிறது. இக்கேள்வியில் நீதியின் சாயல் இருப்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், அன்று விழுந்த நால்வரும் கயிற்றால் ஒருவரோடொருவர் பிணைந்து இறங்கியவர்கள். மடமை எங்கே முடிகிறது, விபத்து எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது அடிவாரத்தில் அமர்ந்திருப்போர்க்கு எளிது. மலையிலிருந்து எழும் உதவிக்குரலோ, தான் குற்றமுள்ளதா குற்றமற்றதா என்னும் சான்றிதழோடு வருவதில்லை. மது அருந்தி வண்டியோட்டி விழுந்தவனின் காயத்தையும் மருத்துவர் தைக்கிறார். அவன் மீதான வழக்கு பின்னர் நடைபெறும். காயத்தின் முன்னிலையில் விசாரணை காத்திருக்கத்தான் வேண்டும். தகுதி பார்த்துக் காப்பதென்று தொடங்கிவிட்டால், காக்கப்படுவதற்குத் தகுதியுடையோர் நம்மில் எத்தனை பேர் எஞ்சுவோம்?

உயிரைக் காத்த பின்னராவது செலவைக் கேட்கலாமன்றோ என்பது அடுத்த வாதம். கவனக்குறைவால் மீட்புப்பணிக்குக் காரணமாவோரிடம் செலவை வசூலிக்க நியூ ஹாம்ப்ஷைர் மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. முன்னதாகவே ஒரு சிறு தொகை செலுத்தி அட்டை பெற்றுக்கொள்வோர்க்கு, கவனக்குறைவுக்கான அச்செலவிலிருந்து விலக்களிக்கும் ஏற்பாடும் அங்கே 2015 முதல் உண்டு. தேசியப் பூங்காத் துறையோ மீட்புக்கெனப் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. கட்டணம் வேண்டாம் என்போர் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. செலவுக்கு அஞ்சுபவர் பகலில் கேட்கவேண்டிய உதவியை இரவு வரை தள்ளிப்போடுவார். இருள் சூழும், உடல் தளரும், வானிலை மாறும். அப்போது காப்பாற்றச் செல்பவருக்கும் ஆபத்து பெருகும். பொறுப்பின்மைக்குத் தண்டம் விதிப்பது அநீதி என்று நாம் சொல்லமாட்டோம். எனினும், ஹெலிகாப்டரின் எரிபொருளுக்கு விலையுண்டு. நிக் ஹாலின் உயிருக்கு எந்தப் பற்றுச்சீட்டை எழுதுவது?

அப்படியெனில், மீட்பவர் தம்மை எல்லையின்றி ஈந்துவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே அப்பணியின் முதற்பாடம். யெல்லோஸ்டோனில் 1981ஆம் ஆண்டில், கொதிநீர் ஊற்றில் பாய்ந்துவிட்ட நண்பரின் நாயைக் காக்க ஓர் இளைஞர் தாமும் குதித்தார். நாயும் பிழைக்கவில்லை, அவரும் மறுநாள் இறந்தார். அவருடைய இரக்கத்தைப் பழிக்க நமக்கு மனம் வராது. ஆனால் இரக்கத்திற்குக் கண்களும் வேண்டும். எனவேதான் பூங்காக் காவலர்கள் புறப்படுமுன் தலைமை, திட்டம், தகவல் தொடர்பு, குழுவினரின் உடல்நிலை, சூழல் முதலியவற்றை ஒவ்வொன்றாக ஆய்ந்து மதிப்பெண் இடுகின்றனர். அதன் கூட்டுத்தொகை பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் நிலைகளுள் ஒன்றைக் காட்டும். சிவப்பெனில் காத்திருக்கவேண்டும், அல்லது வேறு வழி காணவேண்டும்.

இவ்வாறு காத்திருப்பதைக் கோழைத்தனம் என்பாருண்டு. நிக் ஹாலின் தோழர்கள் செய்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். வீழ்ந்தவர் உயிருடன் இல்லை என்று தெரிந்தபின், வானிலையும் பனிச்சரிவின் நிலையும் இடந்தராமையால், ஏறத்தாழ இரு வாரங்கள் கழித்தே அவருடலைக் கொண்டுவந்தனர். தம் நண்பரின் உடல் மேலே கிடக்க, கீழே பொறுத்திருப்பது எத்தனை பெரிய துயரம்! ஆயினும், இறந்தவரின் பொருட்டு உயிரோடிருப்பவரை இழக்கலாகாது என்று அவர்கள் பொறுத்திருந்தனர். துணிந்து செல்வது அன்பென்றால், அழுதுகொண்டே காத்திருப்பதும் அன்பே என்று நாம் கருதுகிறோம்.

இவ்விரண்டினும் உயர்ந்ததாக நமக்குத் தோன்றும் மூன்றாவது ஒரு பணியும் உண்டு. அதற்குப் புகழில்லை. அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் பெரும் பள்ளத்தாக்கில் இறங்குவது எளிது, ஏறுவதே கடிது. மலையேற்றத்தில் களைத்தவர் திரும்பி இறங்கலாம். இங்கோ களைப்பு வரும்போது ஏற்றம் முழுவதும் எஞ்சியிருக்கிறது. கோடையில் அடிப்பகுதியின் வெப்பம் 110 பாகை பாரன்ஹீட்டைத் தாண்டும். 1996ஆம் ஆண்டுக் கோடையில் வெப்பத்தால் பலர் துன்புற்றதைத் தொடர்ந்து, 1997இல் தடுப்பு மீட்புப்பணி என்றொரு முயற்சி அங்குத் தொடங்கப்பட்டது. காவலர்களும் தன்னார்வலர்களும் பாதையில் நின்று, இறங்குவோரைக் கனிவுடன் வினவுகின்றனர்: 'எவ்வளவு தூரம் செல்கிறீர்கள்? தண்ணீர் உள்ளதா? உப்புள்ள தின்பண்டம் எடுத்தீர்களா?' வெறும் நீரை மட்டும் மிகுதியாகப் பருகினாலும் உடலின் உப்புச் செறிவு குறைந்து உயிருக்கு ஊறு நேரும் என்பதையும் எடுத்துரைக்கின்றனர். ஆற்றுக்குச் சென்று ஒரே நாளில் மீண்டுவிடலாம் என்று எண்ணுவோரின் மனத்தை மாற்ற முயல்கின்றனர்.

அவர்கள் அறிவுரைக்கின்றனர், கையைப் பிடித்து இழுப்பதில்லை. கேளாமல் செல்பவர் செல்லலாம். நாளை அவர் விழுந்தால் அதே காவலரே தூக்கி வருவார். அறிவுரையைக் கேட்டுத் திரும்பியவரோ, அன்று தாம் காப்பாற்றப்பட்டதையே அறியமாட்டார். 'நல்லவேளை, என்னைத் தடுத்தீர்கள்' என்று நன்றி கூற அவருக்குக் காரணம் தெரியாது. நடவாமற்போன துன்பத்திற்கு நினைவுச் சின்னம் எழுப்புவார் எவருமிலர். அறியப்படாமலே செய்யப்படும் இந்நன்மைக்கு ஈடு ஏது?

நம் நாட்டிலும் இப்பாடம் கொடிய விலை கொடுத்தே கற்கப்பட்டது. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் மீட்பில் ஈடுபட்டன. எனினும், தீப்புண்ணுற்றோரைத் தோளிலும் துணித்தொட்டிலிலும் சுமந்து இறக்கியவர்களுள் அம்மலையடிவாரத்து எளிய மக்களும் இருந்தனர். அவர்கள் எவரும் மலையேற்றத்திற்குச் சீட்டு வாங்கியவர்கள் அல்லர். பிறர் இன்பம் தேடி வந்த பாதையில், துன்பத்தைச் சுமந்து இறங்கியவர்கள் அவர்கள்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கும்போது ஓர் உண்மை நமக்குப் புலனாகிறது. 'என் உயிர், என் விருப்பம், என் இடர்' என்று கூறுவதற்கு எவருக்கும் முழு உரிமை இல்லை. நாம் விழுந்தால் தேடி வருவதற்கு எவரோ ஒருவர் இருக்கிறார். ஆதலால் நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் அவருடைய உயிரும் உடன் வருகிறது. விழுந்தவர் யாரென்று கேளாமல் அவர் வருவது மனித குலத்தின் மேன்மை. அவ்வாறு வருபவரின் உயிரை எளிதில் செலவழிக்காதிருப்பது நம் கடமை.

ஆகவே காட்டை நாடுவோம்; மலையையும் நாடுவோம். புறப்படுமுன் வனத்துறையின் அனுமதி பெறுவது, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவைப்பது, நீரும் விளக்கும் எடுத்துச் செல்வது, திரும்புக என்று காவலர் சொன்னால் திரும்புவது ஆகியவை அற்பச் சடங்குகளாக நமக்குத் தோன்றலாம். முகமறியாத ஒருவரின் குடும்பத்துக்கு நாம் செய்யும் மரியாதை அவை. அந்த வீட்டிலும் மாலையில் ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள்.