பிள்ளை மேல பாசம் வரலைன்னா அது பாவமா?

 

போன வாரம் ஒரு தங்கச்சி தனியா மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பேர் சொல்லாம எழுதச் சொன்னதால எழுதுறேன். "அண்ணா, குழந்தை பிறந்து மூணு மாசம். பால் குடுக்கிறேன், குளிப்பாட்டுறேன். ஆனா பாசம்னு ஒண்ணு வரவே இல்ல. அழுதா எழுந்து ஓடிடலாம் போல இருக்கு. முருகன் என்னை மன்னிப்பாரா?"

நம்ம பக்கம் இதுக்கு ரெண்டே பேருதான் வைப்பாங்க. ஒண்ணு கல்நெஞ்சக்காரி, இன்னொண்ணு காத்து கருப்பு. ரெண்டுமே தப்புன்னு நான் நினைக்கிறேன். மனசுல ஒரு உணர்வு வரலைங்கிறது குற்றம் ஆகாது. பாவம்னா நாம தெரிஞ்சு செய்யுறது. பாசத்தை யாரும் ஸ்விட்ச் போட்டு வரவழைக்க முடியாது.

கோவாவுல விக்ரம் பட்டேல் குழுவினர் பிரசவமான தாய்மாரை ஆராய்ஞ்சு, 2002-ல் அதை வெளியிட்டாங்க. வறுமை, கணவனோட அடி உதை, பிறந்தது பெண் குழந்தைங்கிற ஏமாற்றம், இதெல்லாம் தாயோட மனச்சோர்வுக்குக் காரணமா இருக்குன்னு கண்டாங்க. யோசிச்சுப் பாருங்க. "மறுபடியும் பொண்ணா?"ன்னு முகம் சுளிச்சது வீட்டுல உள்ளவங்க. கல்நெஞ்சக்காரி பட்டம் மட்டும் அந்தத் தாய்க்கு!

சரி, தாய் மேல குற்றம் இல்லன்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுதா? இல்லைங்க. குழந்தையால காத்திருக்க முடியாது. அமெரிக்காவுல எட்வர்ட் டிரானிக்னு ஒரு உளவியலாளர், 1970-கள்ல ஒரு சோதனை செஞ்சார். தாய் சிரிச்சு விளையாடிட்டு இருக்கும்போதே திடீர்னு முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கணும். குழந்தை சிரிச்சுப் பாக்குது, கையை நீட்டுது, கடைசியில அழுது முகத்தைத் திருப்பிக்குது. தாய் மறுபடி சிரிச்சதும் மெல்ல மெல்லத் திரும்பி வருது. அதுல ஒரு பாடம் இருக்கு: உறவு விட்டுப்போனாலும் ஒட்ட வைக்கலாம்.

அந்த ஒட்ட வைக்கிற வேலைக்கே ஒரு சிகிச்சை இருக்கு. தாயையும் குழந்தையையும் ஒண்ணா உட்கார வச்சுச் செய்யுற மனநல சிகிச்சை. இதுக்கு வழி போட்டவங்கள்ல முக்கியமானவர் செல்மா ஃபிரைபெர்க். 1975-ல் அவரும் கூட வேலை செஞ்சவங்களும் எழுதின கட்டுரையில ஒரு தாய் வர்றாங்க. குழந்தை கதறி அழுது, அவங்க காதுல விழாத மாதிரி உட்கார்ந்திருக்காங்க. சின்ன வயசுல அவங்க அழுதப்போ கேட்க ஆள் இல்ல. சிகிச்சை செய்யுறவங்க புத்திமதி சொல்லல. முதல்ல அந்தப் பழைய துக்கத்தைக் காது குடுத்துக் கேட்டாங்க. அப்புறம்தான் அந்தத் தாயோட கை தானா குழந்தையை அணைச்சுது.

நம்ம நாட்டுலயும் இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில 2009-லிருந்து தாய் சேய் மனநலப் பிரிவு நடக்குது. மனநோய் வந்த தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்காம, ரெண்டு பேரையும் சேர்த்தே அனுமதிக்கிறாங்க.

இப்போ நம்ம அப்பனைப் பாருங்க. சரவணப் பொய்கையில ஆறு குழந்தையா இருந்தவனுக்குப் பால் குடுத்து வளர்த்தது பெத்தவங்க இல்ல, ஆறு கார்த்திகைப் பெண்கள். அன்னை பார்வதி வந்து ஆறையும் சேர்த்து அணைச்சப்போ, "இத்தனை நாள் எங்க போனே?"ன்னு யாரும் கேட்கல. கார்த்திகைப் பெண்களைப் "போதும், போங்க"ன்னும் விரட்டல. அந்த ஆறு பேருக்காகத்தான் அவனுக்குக் கார்த்திகேயன்னு பேரே வந்தது. கடவுளா பிறந்த குழந்தைக்கே ஆறு மடி தேவைப்பட்டுச்சு. ஒரு சாதாரணப் பெண்ணு தனி ஆளா எப்படித் தாங்குவா?

அதனால, அந்தத் தங்கச்சிக்குக் குற்றம் இல்ல. கடமை இருக்கு, அது அவங்களோட நிக்காது. கணவர், மாமியார், அக்கா, பக்கத்து வீடு, நாம எல்லாரும் அதுல பங்கு. ராத்திரி குழந்தையை வாங்கி ஒரு மணி நேரம் தோள்ல போடுங்க. அந்தப் பொண்ணு பேசினா குறுக்கே பேசாம கேளுங்க. மயிலம் மலைக்குப் போய் வேண்டிக்கலாம், தப்பில்ல. வர்ற வழியில முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில டாக்டரையும் பார்க்கலாம். 14416 டெலி மானஸ் நம்பருக்குப் போன் பண்ணினா இலவசமா பேசலாம். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செஞ்சிடுவோமோன்னு எண்ணம் வந்தா மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

தங்கச்சி, பாசம் வராமலே பால் குடுத்துக் குளிப்பாட்டுறீங்களே, அதுவும் அன்புதான்மா. உணர்வு பின்னால வரும்.

இதைப் படிக்கிறவங்க, குழந்தை பிறந்த ஒரு வீட்டுக்காவது பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!