இன்னா செய்தார்மாட்டு அன்பு

செங்கற்பட்டு நாட்டின் கடற்பக்கத்தே, முருகவேள் எழுந்தருளியிருத்தலாற் சேயூர் எனப் பெயர்பெற்று, இந்நாளிற் செய்யூர் என வழங்கும் தலம் ஒன்றுண்டு. அது அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்றது. அந்தகக்கவி வீரராகவ முதலியாராற் பிள்ளைத்தமிழும் பாடப்பெற்றது. அங்குக் கந்தசுவாமி திருக்கோயிலில் ஒருநாள் மாலை அன்பர் சிலருடன் நாம் இருந்தபோது, முதியவர் ஒருவர் எம்மை வினாவினார்: "சுவாமி, எவ்வுயிர்க்கும் அன்பு செய்க என நூல்கள் கூறுகின்றன. என் தமையன் மகனே பொய்ப்பத்திரம் பண்ணி என் நிலத்தைக் கவர்ந்துகொண்டான். திருநீறு இடும்போதும் அவன் முகமே முன்வருகின்றது. அடியேன் என் செய்வது?"

இவ்வினாவிற்கு மேற்கோள் அடுக்கி விடையிறுத்தல் எளிது. அவ்வாறு விடையிறுக்க எமக்கு மனம் எழவில்லை. அவைக்கண் எம்மை இழித்துரைத்த ஒருவரைக் கண்டு, வழிமாறி நடந்த நாள்கள் எமக்கும் உண்டு.

எதிரே சந்நிதியில் மயில் நின்றது. அம்மயில் யாவர் என்பதைக் கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்துட் கூறியுள்ளார். கடலிடை மாமரமாய் நின்ற சூரபதுமன் வேலாற் பிளவுண்டு, ஒரு கூறு மயிலும் ஒரு கூறு சேவலுமாயினன். தேவரைச் சிறையிட்டவன் தேவசேனாபதியைத் தாங்கும் ஊர்தியானான். இதனை மறக்கருணை என்பர் பெரியோர். ஆயினும், "அது கடவுட் செயல், ஒறுத்து ஆட்கொள்ளுதல் இறைவற்கு உரியது, ஒறுக்கவும் உரிமையில்லாத, மறக்கவும் வலியில்லாத எமக்கு அது எங்ஙனம் உதவும்?" என்று முதியவர் மறுத்தார். அவர் மறுத்தது முறையே. ஆதலின் மனிதருள் ஒருவரை நாடினோம்.

திருக்கோவலூரிலிருந்து சேதிநாடு காத்த மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை அறியாத சைவர் இலர். போரிற் பலகாலும் தோற்ற முத்தநாதன், நீறு பூசிச் சடைமுடித்து, படைக்கலத்தைச் சுவடிக்கட்டினுள் மறைத்து, உலகில் இல்லாத ஆகமம் ஒன்று கொணர்ந்தேன் என்று பள்ளியறை புக்கான். அரசியார் அகன்றனர். தவவேடத்தானை உயர்ந்த தவிசில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்தார் அரசர். சுவடி அவிழ்ப்பான் போன்று படை எடுத்துக் குத்தினான் பாதகன். வாயில் காவலனாகிய தத்தன் வாளோடு பாய்ந்தான். வீழ்கின்ற அரசரோ அவனைக் கையால் தடுத்து, இவர் நம்மவர் என்று கூறி, இடையூறின்றி ஊரெல்லை கடத்தி விடுமாறு பணித்தார்.

இங்கே ஒன்று கருதற்பாலது. முத்தநாதன் படையோடு எதிர்த்த நாள்களில் நாயனார் போர்செய்து வென்றே வந்தனர். நாட்டை அவற்கு ஈந்தாரல்லர். ஆகவே பொறை என்பது தீமைக்கு இடங்கொடுத்தல் அன்று. நில வழக்கை நடத்துக. அதனை விடுமாறு நாம் சொல்லவில்லை என்று முதியவர்க்கு உரைத்தோம்.

"நாயனார் பொறுத்தது வேடத்தையன்றோ? என் தமையன் மகனுக்கு அவ்வேடமும் இல்லையே" என்றார் அவர். இது நல்ல தடை. அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்பது சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. வேடம் சிவனை நினைப்பிக்கும் அடையாளம். அவ்வடையாளம் இல்லாவிடத்தும், உயிர்கள் யாவும் அவனுக்கு அடிமை என்பதும், அட்டமூர்த்தத்துள் உயிரும் ஒன்று என்பதும் நம் துணிபல்லவோ? உடையவனை நோக்கி அவன் உடைமையைப் பொறுத்தல் வேண்டும். இறைபணியில் நிற்பார் எய்தும் நன்மை தீமைகளைத் தனக்குச் செய்தனவாகவே சிவன் ஏற்றுக்கொள்வான் என்பது சித்தியார் பத்தாஞ் சூத்திரத்திற் போந்த பொருள். அங்கே இன்னொன்றும் கூறப்பட்டுள்ளது: அத்தகையார்க்குத் தீமை செய்தவர்பால் தீவினைப் பயன் சென்று சாரும். எனவே நாம் பொறுத்தமையால் அவன் வினை கழிந்துவிடுவதில்லை. அதனை அவனே நுகர்வான். அங்ஙனம் நுகரப் போகின்றவனைக் கண்டு இரங்குதலன்றிச் சினத்தற்கு என்ன உளது?

இவ்வளவும் கேட்ட பின்னும் முதியவர் முகம் தெளியவில்லை. உண்மை கூறின், எம் உள்ளமும் நூற்பொருளளவில் நிற்கவில்லை, தத்தனிடமே சென்றது. மெய்ப்பொருளார் நிலை நமக்குச் சேய்மையது. தத்தனோ நம்மைப்போல் வெகுண்டவன். அவன் கண்முன்னே தலைவர் குருதி சோர விழுந்தார். கொன்றவனோ கைக்கெட்டும் அளவில் நின்றான். அவனைக் காக்கும் தொழில், அவனைக் கொல்ல விரைந்தவனுக்கே விதிக்கப்பட்டது. செய்தி கேட்டுச் சூழ்ந்த நகரத்தாரை, இது அரசன் ஆணை என்று விலக்கிக்கொண்டு அவன் நடந்தான். அவ்வீதியில் அவன் உள்ளம் என்ன பட்டிருக்கும்! அன்பு அவன் நெஞ்சில் அப்போது ஊறியது என்று நாம் சொல்லத் துணியோம். பணி மட்டுமே இருந்தது. பணிப்பவர்பால் வைத்த அன்பு இருந்தது. அதுவே போதுமாயிற்று. காடு சேர்த்து மீண்டு, தவவேடத்தார்க்குத் தீங்கின்றிப் போக விட்டமை கூறும் வரை நாயனார் உயிர் தாங்கியிருந்தார். கேட்டபின், இன்று நீ செய்ததை எனக்குச் செய்யவல்லார் யார் என்று அவனைப் போற்றினார். திருநீற்றன்பைப் பாதுகாக்கும்படி அரசுரிமைக்கு உரியோர்க்கு உரைத்துத் திருவடி எய்தினார். தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான், கொலையுண்டவரது புராணத்துட் காவலன் ஒருவனுக்கு இத்துணை இடம் அளித்தமை எமக்கு எஞ்ஞான்றும் வியப்பே.

முதியவர் நெடும்பொழுது பேசாதிருந்தார். பின்னர், "அவன் ஒரு திங்களாகப் பாயும் நோயுமாய்க் கிடக்கின்றான் எனக் கேள்வி. அன்பு இல்லாமலும் போய்ப் பார்க்கலாமோ?" என்றார்.

"தத்தன் போனான்" என்றோம்.

அவர் எழுந்து குருக்களிடம் திருநீறு பெற்று, நெற்றியில் இட்டது போக எஞ்சியதைச் சிறு பொட்டணமாக மேலாடை நுனியில் முடிந்துகொண்டார்.