நடுவில் ஒரு பிளேட்

என் லேத்துக்கு மேலே இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று நான் ஞானஸ்நானம் பெற்ற சி.எஸ்.ஐ. சபையுடையது. மற்றது என் மனைவியின் மலங்கரைக் கத்தோலிக்க ஆலயத்துடையது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். இன்றும் ஞாயிறு காலை ஒரே பைக்கில் புறப்பட்டு இரண்டு வாசலில் இறங்குகிறோம். மார்த்தாண்டத்தில் இது பெரிய அதிசயமில்லை.

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், பரம்பரைச் சைவர், போன கார்த்திகையில் பட்டறைக்கு வந்தார். அப்பாவின் பழைய பெட்ரோல் ஜீப்பில் மிச்சமிருந்தது சேசிஸும் மூன்று கியர் பெட்டியும்தான். யாரிடமோ ஓர் அம்பாசடர் டீசல் எஞ்சின் வாங்கி வைத்திருந்தார், 1489 சி.சி. இரண்டையும் சேர்க்க வேண்டும், மிச்ச வண்டியை அவரே வீட்டில் கட்டிக்கொள்வார்.

"அம்பாசடர் கியர்பாக்ஸையே போடலாமே சார்?"

"அப்பா கை பட்ட கியர் தம்பி. அது போனா பின்னால நாலு வீல் இழுக்கிற பெட்டியும் போயிரும். பெறகு அது ஜீப்பா?"

நியாயந்தான். ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸின் முதுகிலேயே ஒட்டியிருக்கும்.

எஞ்சினின் போல்ட் துளைகளும் கியர்பாக்ஸ் பக்கத்து பெல் ஹவுசிங்கின் துளைகளும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் இரும்பு பிளேட் ஒன்று வெட்ட வேண்டும்: ஒரு முகம் எஞ்சினுக்கு, மறுமுகம் கியர்பாக்ஸுக்கு. பிளேட்டின் கனத்துக்குக் கியர் ஷாஃப்ட் பின்னால் தள்ளிப்போய்விடும், அதன் மூக்கு கிராங்க் முனையின் புஷ்ஷை எட்டாது. ஆகவே நீளமான புஷ் கடைய வேண்டும். கிளட்ச் பிளேட்டில் வட்டம் அம்பாசடருடையது, நடுக்கண் ஜீப்புடையது. வெட்டி ரிவிட் அடித்தேன்.

எல்லா போல்ட்டும் வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஏறின. சார் கைதட்டினார். நான் பிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, முள்ளை ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் வைத்து, கிராங்கைக் கையால் சுற்றினேன். முள் 22 தவ் ஆடியது. ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஆட்டத்தில் பாதிதான் விலகல், 11 தவ். மொத்த ஆட்டம் 5 தவ்வுக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முதலில் புஷ் தேயும், பிறகு பேரிங் அழும், கிளட்ச் கண் உடையும். போல்ட்டுக்கு இது ஒன்றும் தெரியாது, துளையில் இருக்கும் இளக்கத்தில் அது எப்படியும் ஏறிவிடும். மையத்தைப் பிடித்து வைப்பது டவல் பின்.

சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாலிபத்தில் சிவாலய ஓட்டம் ஓடியவர் அவர். சிவராத்திரிக்கு முன்னால் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, கையில் விசிறியோடு பன்னிரண்டு சிவன் கோயில் ஓட வேண்டும். வாயில் மட்டும் "கோவிந்தா, கோபாலா". கடைசிக் கோயில் திருநட்டாலத்தில் சங்கரநாராயணர், பாதி சிவன், பாதி விஷ்ணு. "ராத்திரி முழுக்க ஓடி அங்க போய் நிக்கும்போது, நடுக்கோடு எங்கேன்னு தேடினேன் தம்பி. கண்ணு மயங்கிப்போச்சு" என்றார். பிறகு சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டாரைத் தொட்டார். அத்துவிதம் என்றால் ஒன்று என்று அர்த்தமில்லை, பிரிக்க முடியாமல் நிற்கும் இரண்டுதான், இதுதான் சித்தாந்தம் சொல்வது என்றார்.

எனக்கு என் வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. 451இல் கல்சதோனில் கூடிய சங்கமும் கிறிஸ்துவைப் பற்றி ஏறக்குறைய இதையே சொன்னது: இரண்டு தன்மை, ஒரே ஆள், கலப்புமில்லை, பிரிவுமில்லை. சிரியன் மரபினர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மரபில் வந்த மார் இவானியோஸ் 1930 செப்டம்பர் 20இல் ரோமோடு சேர்ந்தார். என் மனைவியின் மலங்கரைக் கத்தோலிக்க சபை அப்படி வந்ததுதான். வழிபாட்டு முறை அந்தியோக்கியாவுடையதாகவே நின்றது. "ரோம் எஞ்சின், அந்தியோக்கியா கியர்பாக்ஸ்" என்று ஒருமுறை மனைவியிடம் சொல்லிவிட்டு, ரெண்டு நாள் பழஞ்சோறு தின்றேன்.

எங்கள் கதை மட்டும் வேறா? 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, பிஷப் உள்ள ஆங்கிலிக்கன்காரர்களும் பிஷப் என்றாலே முகம் சுளிக்கும் எங்கள் லண்டன் மிஷன் வழியினரும் ஒரே சபையானார்கள். பழைய போதகர்களுக்கு மறு அபிஷேகம் கிடையாது, இனி வருகிறவர்களுக்கு பிஷப் கைவைக்க வேண்டும், முப்பது வருஷம் இப்படி ஓடட்டும் என்று வைத்தார்கள். புது எஞ்சினை ஓடவிட்டுப் பழக்குவதற்கு இவ்வளவு அவகாசம் கொடுத்த மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" சார் டயல் கேஜைக் காட்டினார். "இத ஏன் எஞ்சின் பக்கம் மாட்டின?"

"கிராங்க்தானே சார் கணக்கு. அது அசையாது. கியர்பாக்ஸைத்தான் தட்டித் தட்டிக் கொண்டுவரணும்."

"அப்ப எப்பவும் ஒருத்தர்தான் நகரணும்?"

பதில் வரவில்லை. 1947இல் நகர்ந்தது நாங்கள்தான், பிஷப்பை ஏற்றது எங்கள் பக்கம். 1930இல் நகர்ந்தது என் மனைவியின் பக்கம். எங்கள் இரண்டு பேரில் யார் நகர்ந்தோம்? இரண்டு வாசல் அப்படியேதான் இருக்கிறது. நகர்ந்ததெல்லாம் அந்த பைக் மட்டும் என்று தோன்றுகிறது.

போல்ட்டை இளக்கி, செம்புச் சுத்தியலால் தட்டி, அளந்து, மறுபடி தட்டி, விளக்கு வைத்த பிறகு 4 தவ்வுக்கு வந்தது. அந்த இடத்திலேயே புதுத் துளையிட்டு டவல் பின் அடித்தேன். ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பர் உண்டு, எஞ்சின் நம்பர் உண்டு. பிளேட்டுக்கு நம்பர் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, கம்பெனி கட்டியதை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே வண்டி ரோட்டுக்கு வராது, சாரின் ரப்பர் தோட்டத்துக்குள் ஷீட் சுமக்கும்.

சித்திரையில் மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். இரண்டாம் கியரில் மெல்லிய முனகல்.

"எஞ்சினா, கியர்பாக்ஸா?" என்றார் சார்.

வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து பிடியில் காதை வைத்தேன். கேட்கவில்லை. கியர்பாக்ஸிலும் இல்லை. கியர் போட்டு ஓடினால்தான் வரும் போலிருக்கிறது.

"நீ ஓட்டு" என்று ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்ட சார், வேட்டியை மடித்துக் கட்டி, பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு பிளேட்டைத் தேடினார்.