மண்வெட்டி போதும்

கட்டட நிறுவனங்களின் ஆண்டு மலரைப் புரட்டினால் பணிமூப்புப் பாராட்டு, பதவி உயர்வு, கேக் வெட்டும் படம். ஒரு மூலையில் சமூகப் பணி. ருவாண்டாவின் புட்டாரோவில் ஊழியர் வளர்ச்சியும் சமூகப் பணியும் ஒன்றாகிவிட்டன. 'மாஸ் டிசைன் குரூப்' என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த மருத்துவமனை அங்கே 2011-இல் திறக்கப்பட்டது. மலைச்சரிவைச் சமன்செய்ய இயந்திரத்தை நம்பாமல், மண்வெட்டியோடு ஊர்க்காரர்களையே இறக்கினார்கள். உழவுக்குத் தொல்லை என்று ஒதுக்கிய எரிமலைக் கல்தான் சுவரானது. சாந்து வெளியே தெரியாமல் கல்லோடு கல் பொருத்தப் பழகிய கொத்தனார்களை, ஆண்களும் பெண்களுமாக, அடுத்தடுத்த வேலைகளுக்கும் அழைத்தார்கள். நிறுவனத்தாரே, அடுத்த மலரில் கொத்தனார் படத்தையும் போடுங்கள், பெயரோடு.