சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததா?

எல்ல புகையிரத நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தாலே, அறைகள் வாடகைக்கு உண்டு என்னும் பலகைகள் கண்ணில் படும். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காக, மலைச்சரிவில் பத்துப் பேர்ச் காணி உள்ளவரும் இரண்டு அறை கட்டி விடுகிறார். அந்த வருமானம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறது. இதில் குற்றம் காண எதுவுமில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியோர் எண்ணம் இருந்தால், வங்கிக்கடன், வட்டி, வாடகை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்திருப்பீர்கள். ஆனால் உங்கள் அறையில் இரவு உறங்குகிறவருடைய உயிருக்கு நீங்கள் எவ்வளவு பொறுப்பு என்ற கணக்கைப் பார்த்தீர்களா?

பழைய ஏற்பாட்டில் இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில் வீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை உண்டு. அக்காலத்து வீடுகளின் கூரை தட்டையானது. மனிதர் அதில் நடமாடுவார்கள். எனவே புதுவீடு கட்டுகிறவன் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும். பார்த்து நடந்திருக்கலாமே என்று சொல்லித் தப்ப அங்கே வழியில்லை.

நாமோ, "முன்பே சொன்னேன், கேட்காதது அவர் பாடு" என்கிறோம். இந்தப் பதில் எப்போதும் செல்லுமா? நமது ஊவாவிலேயே விடை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். சனங்கள் ஏன் போகவில்லை? போவதற்கு அவர்களுக்குச் சொந்தக் காணி ஏது? வேலையும் லயமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. சொன்னவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் போக்கிடம் இல்லாதவரிடம் ஆபத்தைச் சொல்வது பாதிக் கடமைதான்.

உல்லாசப் பயணிக்கு உண்மையைச் சொன்னால் போதும். அவர் பணத்தை எடுத்துக்கொண்டு வேறு விடுதிக்குப் போவார். (வாடகை போய்விடுமே என்று அதையும் மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.) உங்கள் பின்னறையில் குடும்பத்தோடு குடியிருக்கும் கூலித்தொழிலாளி அப்படிப் போக முடியாது. அவருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுப்பது, பொறுப்பை அவர் தலையில் இறக்கி வைப்பதாகும். அவருடைய சுவரைத் திருத்துங்கள். இயலாவிட்டால் மழைக்காலத்துக்கு வேறிடம் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அத்திவாரம் வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெறுங்கள். பிரதேச சபைக்குக் காட்டும் கடதாசியாக மட்டும் அதை நினைக்க வேண்டாம். அதில் விதித்திருக்கும்படி கட்டுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென இறுகும் கதவு, புதிதாகக் கிளம்பும் அல்லது கலங்கி வரும் ஊற்று ஆகியவை மலை தரும் அடையாளங்கள். முற்றத்தில் ஒரு மழைமானி வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பாயிருங்கள், 100 தாண்டினால் பெட்டியைக் கட்டுங்கள், 150 தாண்டினால், நள்ளிரவானாலும் எல்லாரையும் எழுப்பி வெளியேற்றுங்கள்.

இன்னொருவர் இருக்கிறார். உங்களுக்கு வாடகை தராதவர், உங்களோடு ஒப்பந்தம் எழுதாதவர். உங்கள் காணிக்குக் கீழே லயத்தில் குடியிருப்பவர். நீங்கள் வெட்டிய மண்ணும், புதுக் குளியலறைகளின் தண்ணீரும் அவர் பக்கமே இறங்குகின்றன. உங்கள் வருமானத்தில் ஒரு சதமும் அவருக்கில்லை. ஆபத்தில் மட்டும் பங்கு உண்டு. அவருக்கு எச்சரிக்கை சொல்லக்கூட யாருக்கும் நினைவு வருவதில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் கீழே இறங்கிப் போய், உங்கள் கான் தண்ணீர் எந்த வீட்டுச் சுவரில் விழுகிறது என்று பார்த்து வாருங்கள்.