சிந்திய நெல் யாருடையது?

வைணவப் பரிபாஷையில் அரிசி அமுதுபடி, காய்கறி கறியமுது, தயிர் தயிரமுது. உண்பதையும் அமுது செய்தல் என்றே பெரியோர் வழங்குவர். கீழே விழுந்த பிரசாதப் பருக்கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் மரபு. இலையில் வந்த சோற்றுக்குக் காட்டும் இம்மரியாதை, இலைக்கு வருமுன்னே அழிந்துபோகும் நெல்லுக்கும் உண்டா என்பது சிந்தித்தற்குரியது.

அவ்வழிவு சிறிதன்று. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் லூதியானா நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடையிலும் அதன் பின்னரும் தானியங்களில் 4.65 முதல் 5.99 விழுக்காடும், காய்கனிகளில் 4.58 முதல் 15.88 விழுக்காடும் வீணாகின்றன.

காவிரிப் படுகையையே காண்போம். குறுவை அறுவடை முடியும் தறுவாயில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டிற்கு மிகலாகாது என்பது கொள்முதலின் பொது விதி. உலர்த்தக் களம் போதாமல் உழவர் தார்ச்சாலையில் நெல்லைப் பரப்புகின்றார். குவியல் நனைந்தால் நெல் முளைவிடுகின்றது. சாக்கு வரவில்லை என்பார் ஒருவர். லாரி வரவில்லை என்பார் மற்றொருவர். கிடங்கில் இடமில்லை என்பார் வேறொருவர். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் நெல் அழிந்தது. பலர் பங்கிட்டுக்கொண்டதனால் குற்றம் இல்லாமற் போய்விடுமா?

எறிந்த கையைப் பார்த்துத் தோஷம் சொல்லுதல் எளிது. ஆனால் அது நியாயமாகாது. பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்திற்கும் கட்டாத விலை வரும்பொழுது, உழவர் தக்காளியைச் சாலையோரம் கொட்டுகின்றார். அது செருக்கினால் எறிந்ததன்று. வேறு வழியின்மையால் கொட்டியது. விருந்தில் ஆடம்பரத்திற்காக இலை நிறையப் பரிமாறி, உண்ணாமல் மூடுபவர் செயலோ வேறு. இரண்டையும் ஒரு தராசில் நிறுத்தலாகாது.

எம்பெருமானார் காட்டிய தரிசனத்தில் சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குச் சரீரம். அவனே சேஷி, ஏனையோர் சேஷபூதர். ஆகவே நெல்லுக்கு உடையவன் ஒருவனே. உழவர், வணிகர், அலுவலர், இல்லத்தரசி ஆகிய யாவரும் காவலரே. ‘என் பொருள், நான் எறிவேன்’ என்ற சொல்லுக்கு இங்கு இடமில்லை. ‘என் கையில் அழிந்தது கொஞ்சமே’ என்பதும் காவலர்க்குத் தகுந்த விடையன்று. பெற்றதைப் பழுதின்றிக் காப்பதோடு, அடுத்தவர் அதனைக் காக்கும் நிலையில் இருக்கின்றாரா என்று பார்த்துக் கொடுப்பதும் காவலர் கடமையே.

முன்னோர் பருக்கையைக் கண்ணில் ஒற்றியதோடு நின்றாரல்லர். திருவரங்கப் பெரிய கோயிலில் ஓங்கி நிற்கும் வட்ட வடிவ நெற்களஞ்சியங்கள் அதற்குச் சான்று. உலர்ந்த களமும் ஒழுகாத கூரையும் உரிய வேளையில் வரும் வண்டியும் அன்னத்திற்குச் செய்யும் மரியாதையேயாம். அவற்றைக் கேட்டுப் பெறுவதும், அமைத்துக் கொடுப்பதும் தர்மமாகும்.

எனினும் பழியனைத்தையும் களத்திலும் கிடங்கிலும் வைத்துவிட இயலாது. உலகில் 2022ஆம் ஆண்டில் கடைகளிலும் உணவகங்களிலும் இல்லங்களிலுமாக வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்றும், அதில் 60 விழுக்காடு இல்லங்களில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் அறிவித்தது. மழைக்குத் தப்பி, கிடங்கைக் கடந்து, திருமடைப்பள்ளியில் பக்குவமாகி வந்த அன்னம் கடைசியில் உண்பவர் கையில் அழிதல் தகுமா?

உற்சவத்திற்கு எழுந்தருளும் அன்பர்கள் ததீயாராதனப் பந்தியில் வேண்டிய அளவே கேட்டுப் பெற்று, இலையில் மிச்சமின்றி அமுது செய்வார்களாக. பரிமாறுவோரும் கேட்டறிந்து இடுவார்களாக. உடையவன் பொருளை உடையவன் உகக்கும்படி காத்தலும் கைங்கரியமே.